கார்டிஃப் கோல் எக்ஸ்சேஞ்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்டிஃப் விரிகுடாவைப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீரோரத்துக் கடைகளையும் சட்டமன்றத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சில நிமிட நடையில் வேல்ஸின் மிக முக்கியமான வணிகக் கட்டடம் ஒன்று நிற்பது பலருக்குத் தெரிவதில்லை. ஊருக்கு வரும் நண்பர்களையும் உறவினர்களையும் அங்கே கூட்டிப்போவது என் வழக்கம். ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"இது என்ன கட்டடம்? பழைய அரண்மனையா, கோர்ட்டா?"

இரண்டும் இல்லை. வியாபாரிகள் கூடி நிலக்கரிக்கு விலை பேசுவதற்காகக் கட்டிய மன்றம் இது. 1883-ல் வேலை தொடங்கியது, 1886-ல் உள்ளே வியாபாரம் ஆரம்பமானது, 1888-ல் கட்டி முடித்தார்கள். கார்டிஃபின் தெற்கே, பழைய துறைமுகப் பகுதியான பியூட்டவுனில், மவுண்ட் ஸ்டுவர்ட் சதுக்கத்தின் நட்டநடுவில் இருக்கிறது. துறைமுகத்தை உருவாக்கிய பியூட் பிரபுக்களுக்கு ஸ்காட்லாந்துப் பக்கத் தீவு ஒன்றில் இருந்த மாளிகையின் பெயர்தான் மவுண்ட் ஸ்டுவர்ட்.

"கார்டிஃப் தலைநகரமாச்சே, நீங்க ஏன் ஊர், ஊர்னு சொல்றீங்க?"

இந்தக் கட்டடம் எழும்பியபோது கார்டிஃப் நகரம் என்ற தகுதியைப் பெற்றிருக்கவில்லை. அது கிடைத்தது 1905-ல். வேல்ஸின் தலைநகரமாக அறிவிக்கப்பட்டது 1955-ல்.

1801-ல் இங்கே வாழ்ந்தவர்கள் 1,870 பேர். 1901-ல் சுமார் 1.64 லட்சம் பேர். இந்தப் பெருக்கத்துக்கு முதல் காரணம் கரி. 1839-ல் முதல் பியூட் கப்பல்துறை திறந்தது, 1841-ல் டாஃப் வேல் ரயில் பாதை பள்ளத்தாக்குகளிலிருந்து கரியைக் கடலுக்குக் கொண்டுவந்தது. அப்புறம் துறை மேல் துறையாகக் கட்டிக்கொண்டே போனார்கள். ஒரு தலைமுறைக்குள் பணக்காரனான ஊர், தன்னை உலகத்துக்குக் காட்டிக்கொள்ள எடுத்த கட்டடம் என்று நினைத்துப் பாருங்கள். அதன் மிடுக்குக்குக் காரணம் புரியும்.

"அப்போ கரியை இங்கேதான் கொட்டி வெச்சிருந்தாங்களா?"

ஒரு கூடைகூட இங்கே வந்திருக்காது. கரி சுரங்கத்திலிருந்து ரயிலில் நேராகத் துறைக்குப் போய்விடும். இங்கே கைமாறியது வாக்கும் காகிதமும்தான். சுரங்க முதலாளிகளின் விற்பனையாளர்கள், கப்பல் தரகர்கள், ஏற்றுமதிக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் நின்று பேசுவார்கள். எந்தச் சுரங்கத்துக் கரி, எத்தனை டன், எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்துக்கு, என்ன விலை என்று பேசி முடிப்பார்கள்.

பகல் 12 மணி முதல் 1 மணி வரைதான் உச்ச நேரம். உச்சக்கட்ட ஆண்டுகளில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேர் வரை இந்தக் கட்டடத்துக்குள் வந்துபோனதாகச் சொல்வார்கள்.

"இது வர்றதுக்கு முன்னாடி எங்கே பேசிக்கிட்டாங்க?"

தெருவிலும் மதுக்கடைகளிலும்தான். விலை மாறும்போது அலுவலக வாசலில் மாட்டிய சிலேட்டில் சுண்ணக்கட்டியால் எழுதிப் போடுவார்களாம். நாலு இடத்தில் அலைந்தால்தான் அன்றைய விலை தெரியும். ஏற்றுமதி பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை.

கட்டுவதற்குத் தேர்ந்தெடுத்த இடத்தைக் கவனியுங்கள். மவுண்ட் ஸ்டுவர்ட் சதுக்கம் முதலில் வசதியானவர்கள் குடியிருந்த இடம். நடுவில் வீட்டுக்காரர்களுக்கான தோட்டம் இருந்தது. அந்தத் தோட்டத்தின் மேல்தான் எக்ஸ்சேஞ்ச் எழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியிருந்த வீடுகள் போய்க் கப்பல் கம்பெனி அலுவலகங்களும் வங்கிகளும் வந்தன. ஒரு கட்டடம் ஒரு சதுக்கத்தின் தொழிலையே மாற்றிவிட்டது.

"யார் கட்டினது? கரிக்கடைக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்?"

வடிவமைத்தவர் எட்வின் சீவர்ட். இங்கிலாந்தின் யோவிலில் 1853-ல் பிறந்து கார்டிஃபில் தொழில் செய்தவர். இந்த வேலை தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதுதான். கார்டிஃபின் பழைய நூலகமும் நியூபோர்ட் சாலையில் இருக்கும் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையும் அவர் பெயர் சொல்லும் மற்ற கட்டடங்கள்.

பாணி பிரெஞ்சு மறுமலர்ச்சிக் காலத்தைத் தழுவியது. வெளிர் நிறக் கல், கொரிந்தியத் தூண்கள், முக்கோண முகடு, செங்குத்தான கூரைகள், உயர்ந்த புகைபோக்கிகள் என்று பிரெஞ்சு மாளிகைகளின் சாயல் தெரியும். முகம் தெரியாத வெளிநாட்டு வியாபாரி பேச்சை நம்பிப் பணம் போட வேண்டிய தொழில் இது. இங்கே இருப்பவர்கள் நாளைக்கு ஓடிப்போகிற ஆட்கள் இல்லை என்று கட்டடமே சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்து வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மாளிகை வேஷம் போட்டதற்கும் இதே காரணம்தான்.

இன்னொன்று: சதுக்கத்தின் நடுவில் தனியாக நிற்பதால் இதற்கு நாலு பக்கமும் தெரு. மறைக்கக்கூடிய பின்சுவர் என்று ஒன்றும் இல்லை. சுற்றி வந்துதான் பார்க்க வேண்டும். முன்னால் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும்.

"உள்ளே அப்படி என்ன விசேஷம்?"

வியாபாரக் கூடம். என்னைக் கேட்டால் கட்டடமே அதுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தது. நடுவில் பெரிய கூடம், சுற்றிலும் வாடகைக்கு விட்ட அலுவலக அறைகள். அறையில் கணக்கு, கூடத்தில் பேரம். விலை மாறினால் இரண்டு நிமிடத்தில் முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வரலாம். அழகுக்காக மட்டும் போட்ட திட்டம் இல்லை, அந்தத் தொழிலின் நடமாட்டத்தை அப்படியே தரைப்படமாக வரைந்திருக்கிறார் சீவர்ட்.

இன்று நாம் பார்க்கும் கூடம் 1911-12-ல் மாற்றிக் கட்டியது. வியாபாரம் உச்சத்தில் இருந்த நேரம் அது. கால் நூற்றாண்டு கழித்து அதே சீவர்ட்தான் திரும்ப வந்து செய்தார். கருத்த ஓக் மரப் பலகை போர்த்திய சுவர்கள், மரத் தூண்கள், மேலே சுற்றி ஓடும் பால்கனி. வெளியே கல்லில் இருக்கிற விறைப்பு உள்ளே கிடையாது. மரம் ஓசையைக் கொஞ்சம் அடக்கும். நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் விலை கூவுகிற இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பால்கனியில் நின்றால் கீழே யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வியாபாரத்தில் அதுவும் ஒரு தகவல்தான்.

"வாசல் கூடத்தில் ரெண்டு சிங்கம் உட்கார்ந்திருக்கே, எதுக்கு?"

எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த விஷயம் இது. பீடத்தில் அமர்ந்திருக்கும் அந்தச் சிங்கங்கள் ஆளுக்கொரு கேடயம் வைத்திருக்கின்றன. ஒன்றில் கடல் வற்று, இன்னொன்றில் கடல் பெருக்கு என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். கரி வியாபாரத்துக்கும் கடல் பெருக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாச் சம்பந்தமும் உண்டு.

கார்டிஃப், செவர்ன் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே உலகிலேயே மிக அதிக வித்தியாசம் காணும் இடங்களில் இதுவும் ஒன்று. பெரிய பெருக்கு நாட்களில் நீர்மட்டம் 12 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். வற்றிக் கிடக்கும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். அதனால்தான் கப்பல்துறைகளுக்கு மதகுக் கதவு வைத்து உள்ளே தண்ணீரைத் தேக்கினார்கள். பெரிய கப்பல்கள் பெருக்கு நேரத்தை ஒட்டித்தான் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியும். ஒரு பெருக்கைத் தவறவிட்டால் அடுத்ததற்குச் சுமார் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கான செலவு யார் தலையில் என்பதும் பேரத்தில் ஒரு பகுதி. வாசலில் நுழைகிறவன் முதலில் நினைக்க வேண்டியது கடலை என்பதைக் கட்டடக் கலைஞர் சிற்பமாகவே வைத்துவிட்டார்.

1999-ல் விரிகுடாவின் குறுக்கே தடுப்பணை கட்டி முடித்துவிட்டார்கள். இப்போது உள்ளே இருப்பது நன்னீர் ஏரி. பெருக்கு வற்றைப் பார்க்க வேண்டுமானால் அணையைத் தாண்டிப் போக வேண்டும்.

"உலகத்துல எங்கேயும் கரி இல்லையா? வேல்ஸ் கரிக்கு ஏன் இவ்வளவு மவுசு?"

கரி பல வகை. தென் வேல்ஸின் ரோண்டா, கினோன் பள்ளத்தாக்குகளில் கிடைத்தது நீராவிக் கரி. கார்பன் அதிகம், ஆவியாகிப் போகும் பொருட்கள் குறைவு. சூடு அதிகம் தரும், புகை மிகக் குறைவு. போர்க்கப்பலுக்குப் புகை என்பது இரட்டை ஆபத்து: எதிரிக்குத் தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும், சொந்தப் பீரங்கிக்காரனின் கண்ணையும் மறைக்கும். 1840-களின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படை பல ஊர்க் கரிகளைச் சோதித்துப் பார்த்தபோது வேல்ஸ் கரி முன்னணியில் வந்தது. கடற்படை வாங்குகிறது என்றால் பயணிகள் கப்பல்காரனும் வாங்குவான்.

1913-ல் கார்டிஃப் துறைகளிலிருந்து மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. அதே ஆண்டு பக்கத்து ஊரான பாரியும் கார்டிஃபை முந்தும் அளவுக்கு ஏற்றியது. பாரியிலிருந்து போன கரிக்கும் பேரம் பெரும்பாலும் இங்கேதான் நடந்தது. உலகக் கரி விலையை இந்தக் கூடம் தீர்மானித்தது என்று சொல்வதில் கொஞ்சம் உள்ளூர்ப் பெருமை கலந்திருந்தாலும், அடிப்படையில் அது பொய் இல்லை.

"நம்ம பக்கம் இந்தக் கரி வந்திருக்குமா?"

கொழும்புக்கு வந்தது. சூயஸ் வழி கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் போர்ட் சைட், ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் என்று நின்று நின்று கரி நிரப்பிக்கொண்டு போகும். அந்தத் துறைமுகங்களின் கிடங்குகளில் வேல்ஸ் கரியும் இருந்தது.

"உலகின் முதல் மில்லியன் பவுண்டு செக் இங்கேதான் எழுதினாங்களாமே?"

ஊர் முழுக்கச் சொல்லும் கதை இது. 1904 என்று பெரும்பாலும் சொல்வார்கள், வேறு ஆண்டுகளையும் சொல்வதுண்டு. நான் இதைக் கதையாகத்தான் சொல்வேன். கணக்குப் போட்டால் அளவு புரியும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். டன் 15 ஷில்லிங் என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சம் பவுண்டுக்கு 13 லட்சம் டன்னுக்கும் மேல் வரும். ஒரே ஒப்பந்தத்தில் அவ்வளவு என்பது மிகப் பெரிய அளவு. நடக்கவே நடக்காது என்று சொல்லிவிடவும் முடியாது, அந்த அளவுக்கு வியாபாரம் புரண்ட இடம்தான். கட்டடத்தின் மதிப்பு அந்த ஒரு செக்கில் தொங்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

"இவ்வளவு ஓடின இடத்தை ஏன் மூடினாங்க?"

கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியது முதல் அடி. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பே பிரிட்டிஷ் கடற்படை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. போரில் பழைய சந்தைகள் சிதறின, 1926 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இன்னும் சில வாடிக்கையாளர்கள் போனார்கள். கடைசி அடி 1947-ல் விழுந்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் சுரங்கங்கள் எல்லாம் அரசுடைமை. முதலாளிகள் பலர் போட்டி போட்டு விற்றால்தான் கூடத்துக்கு வேலை உண்டு. விற்பவர் ஒருவரே என்றான பிறகு எதற்குக் கூடிப் பேச வேண்டும்? 1958-ல் எக்ஸ்சேஞ்ச் மூடியது. 1964-ல் கார்டிஃபின் கரி ஏற்றுமதியே நின்றது.

"சட்டமன்றம் இங்கே வர்றதா இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?"

நிஜம். 1970-களில் வேல்ஸுக்குத் தனி மன்றம் அமைக்கும் யோசனை வந்தபோது இந்தக் கூடத்தைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் கூடம், சுற்றி அறைகள் என்று மேலே சொன்ன அமைப்பு உறுப்பினர்கள் கூடிப் பேசவும் பொருந்தும் அல்லவா? ஆனால் 1979 மார்ச் 1 வாக்கெடுப்பில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் மக்கள் வேண்டாம் என்றார்கள். 1997-ல் மயிரிழையில் சம்மதம் கிடைத்தபோது மன்றம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. இன்றைய சட்டமன்றக் கட்டடம் 2006-ல் தண்ணீரோரம் திறந்தது.

"'லிஸ்டட்'னா என்ன? முகப்பை மட்டும் தொடக் கூடாதா?"

இந்தத் தவறான எண்ணம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடமும் இருக்கிறது. வேல்ஸ் அரசின் மரபுத் துறையான காடூ, வரலாற்று மதிப்புள்ள கட்டடங்களைப் பட்டியலில் சேர்க்கிறது. கிரேடு ஒன், கிரேடு டூ ஸ்டார், கிரேடு டூ என்று மூன்று படிகள். பெரும்பாலானவை கடைசிப் படியில்தான் இருக்கும். கோல் எக்ஸ்சேஞ்ச் கிரேடு டூ ஸ்டார், அதாவது சாதாரணத்தைவிட மேலான முக்கியத்துவம். பட்டியலில் இருக்கும் கட்டடங்களில் நூற்றுக்கு ஏழு போலத்தான் இந்தப் படியில் இருக்கின்றன.

பட்டியலில் சேர்ந்தால் உள்ளும் புறமும் சேர்ந்ததுதான். ஓக் பலகை, பால்கனி, சிங்கம், படிக்கட்டு எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. கட்டடத்தின் தன்மை மாறும்படி எதைச் செய்தாலும் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்வது குற்றவியல் வழக்கு. அதற்காக ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. மாற்றலாம், காரணம் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"கல் கட்டடம்தானே, எப்படி இவ்வளவு பழுதாகும்?"

மழைநீர்தான் முக்கியக் காரணம். செங்குத்தான கூரைகளும் புகைபோக்கிகளும் கண்ணுக்கு அழகு. ஆனால் இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நீர்வழி உண்டு. அதில் இலையும் குப்பையும் அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். அப்புறம் உத்தரத்தின் முனைகள் உளுத்துப்போகும். அந்தக் காலத்துக் கல் கட்டடங்களில் கற்களைப் பிணைக்க உள்ளே இரும்புக் கவ்விகள் வைப்பதுண்டு. அவை துருப்பிடித்துப் பருத்தால் கல்லையே பிளந்துவிடும். சுண்ணாம்புக் காரை இருந்த இணைப்புகளில் பிற்காலத்தில் சிமென்ட் பூசியிருந்தால் இன்னும் மோசம். ஈரம் வெளியே வர வழியில்லாமல் கல் செதில் செதிலாக உதிரும்.

ஆளில்லாத கட்டடத்தில் இவை ஒன்றும் யார் கண்ணிலும் படாது. எக்ஸ்சேஞ்ச் 2000-களில் சில காலம் இசை அரங்காக ஓடியது. 2013-ல் பாதுகாப்புக் காரணங்களால் மூட வேண்டியதாயிற்று. நகர மன்றம் அவசரகால அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆபத்தான பகுதிகளுக்கு முட்டுக் கொடுத்தது.

"முகப்பை மட்டும் வெச்சுக்கிட்டு உள்ளே புதுசாக் கட்டிட்டா என்ன தப்பு? வெளியே இருந்து பார்த்தா ஒண்ணுதானே?"

இந்த யோசனையை இந்தக் கட்டடத்துக்கே சொன்னார்கள். எதிர்த்துப் பொதுமக்கள் இயக்கம் நடத்தினார்கள். நான் அவர்கள் பக்கம்தான். காரணம் மேலே கூடத்தைப் பற்றிய பதிலிலேயே இருக்கிறது. முகப்பு என்பது வெளியூர்க்காரனுக்குக் காட்டிய முகம். வேலை நடந்தது கூடத்தில். கூடத்தை எடுத்துவிட்டால் பிரெஞ்சுப் பாணியில் ஒரு கல் சுவர் மிஞ்சும். அதைப் பார்த்து இங்கே என்ன நடந்தது என்று யாராலும் ஊகிக்க முடியாது.

நடைமுறைக் காரணமும் உண்டு. உள்ளே இருக்கும் சுவர்களும் தளங்களும்தான் வெளிச்சுவரைப் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றை எடுத்துவிட்டு முகப்பை மட்டும் நிறுத்தி வைப்பதற்கு ஆகும் இரும்புச் சாரச் செலவு கொஞ்சநஞ்சம் இல்லை.

"ஹோட்டலா மாத்தினது மட்டும் சரியா?"

முழு மனசோடு சரி என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் இடிப்பதைவிட எவ்வளவோ மேல். 2017-ல் ஹோட்டலாகத் திறந்தபோது அலுவலக அறைகள் தங்கும் அறைகளாயின. கூடம் விருந்துக்கும் திருமணத்துக்கும் போனது. இந்த வரைபடம் ஹோட்டலுக்கு ஒத்துவரக் காரணம் அதே பழைய அமைப்புதான். கூட்டம் கூடும் இடம் நடுவில், தனி அறைகள் சுற்றிலும். குறுக்கே சுவர் எழுப்பிக் கூடத்தைத் துண்டு போடவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

ஆனால் பணம் நிலையாக நிற்கவில்லை. ஹோட்டல் ஆக்கிய நிறுவனம் 2020-ல் கடன் சிக்கலில் விழுந்து, கட்டடம் கைமாறியது. எனவே போவதற்கு முன் உள்ளே விடுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். வெளிப்புறத்தை எப்போது வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம். கார்டிஃப் பே ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான்.

"சொந்தக்காரர் கையில காசு இல்லைன்னு அப்படியே விட்டுட்டா சட்டம் என்ன பண்ணும்?"

பட்டியலில் சேர்ப்பது தானாக ஒருவரைப் பழுது பார்க்க வைக்காது. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அனுமதியில்லாமல் இடித்தால் வழக்கு உண்டு, கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் உடனே வழக்கு இல்லை. நகர மன்றத்துக்கு இரண்டு ஆயுதங்கள் இருக்கின்றன. அவசர வேலைகளைத் தானே செய்துவிட்டுச் செலவைச் சொந்தக்காரரிடம் கேட்கலாம். அல்லது முழுசாகப் பழுது பார்க்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, செய்யாவிட்டால் கட்டாயமாகக் கையகப்படுத்தலாம். 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வேல்ஸின் புதிய மரபுச் சட்டத்திலும் இந்த இரண்டு வழிகளும் தொடர்கின்றன.

கஷ்டம் என்னவென்றால், கையகப்படுத்தினால் அப்புறம் பழுது பார்க்கும் சுமை மன்றத்தின் தலையில்தான். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அது பல ஆண்டுச் செலவு. அதனால் மன்றங்கள் இரண்டாவது ஆயுதத்தை எடுக்கவே தயங்குகின்றன. அந்தத் தயக்கத்திலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஆரம்பத்தில் ஒரு ஏணியும் இரண்டு ஆட்களும் போதும் என்றிருந்த நீர்வழிச் சுத்தம், கடைசியில் உத்தரம் மாற்றும் வேலையாக வந்து நிற்கிறது. மன்றத்துக்குப் புகார் எழுதுகிறவர்கள் முகப்பில் உதிர்ந்த சிற்பத்தைப் படம் எடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், மழை பெய்யும்போது சுவரில் எங்கே ஈரத் தாரை ஓடுகிறது என்று தேதி போட்டுக் குறித்து அனுப்பினால் அதற்குத்தான் பலன் அதிகம்.